அம்மா மிச்சம் வைத்த சோறு

பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தபோது கிதே எடைமேடையில் இருந்தான்.

சிமென்ட் ஆலை வாசலில் ஒரு கண்ணாடி அறை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். எண் விழும். சீட்டுக் கொடுப்பான். லாரி போய்விடும். கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். "அங்கயும் நம்பர், இங்கயும் நம்பர். லாரி மட்டுந்தான் புதுசு" என்று மிரான் கிண்டல் செய்வாள். மிரான் அவன் மனைவி. போன வருடம் மே மாதம் இறந்துபோனாள்.

"சேபொம் அப்பாங்களா? நல்ல விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார் வகுப்பாசிரியை. "உடல் பரிசோதனை ரிசல்ட் வந்துருச்சு. பி.எம்.ஐ. நார்மல். ஆரம்ப ஸ்கூல்ல இருந்து வந்த ஃபைல்ல உடல் பருமன்னு போட்டிருந்துச்சுல்ல, அது போயிருச்சு. எவ்வளவு கட்டுப்பாடான பொண்ணு. கிளாஸ்ல எல்லாருக்கும் அவளத்தான் உதாரணமாச் சொல்றேன்."

"நன்றிங்க" என்றான் கிதே.

மேடையில் நின்ற லாரியிலிருந்து ஓட்டுநர் க்வாக் எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக இந்த வாசலில் வந்துபோகிறவர்.

"என்ன சார், மூஞ்சி ஒரு தினுசா இருக்கு. லாட்டரி விழுந்துச்சா?"

"பொண்ணுக்கு எடை சரியாயிருச்சாம்."

"அப்ப எம் பொண்டாட்டிய உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். போன மாசம் டயட்டுன்னு ஆரம்பிச்சா. வீட்ல எடை குறைஞ்சது நான் ஒருத்தன்தான்."

கிதே சிரித்தான். சிரித்து வெகுநாளாகியிருந்ததால் தாடை வலிப்பது போல் இருந்தது.

சேபொம் நான்காம் வகுப்பில் இருந்தபோது வந்தது முதல் கடிதம். "உடல் பருமன். பெற்றோர் கவனத்துக்கு." அதே மாதம் மிரான் வேலை பார்த்த மீன் கூட்டுறவுச் சங்கத்திலும் பரிசோதனை நடந்தது. அவளுக்கும் அதே முடிவு. உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. இருபத்தைந்தைத் தாண்டினால் பருமன் என்பது இந்த நாட்டுக் கணக்கு. "வேற ஊர்ல பொறந்திருந்தா நான் வெறும் கொழுகொழுதான்" என்றாள் மிரான். இரண்டு தாள்களையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். மகளோடு பந்தயம் கட்டினாள். யார் முதலில் நார்மல் ஆகிறார்களோ அவர்களுக்கு மற்றவர் சுட்ட பன்றிக்கறி விருந்து வைக்க வேண்டும்.

"நார்மல் ஆனதுக்குப் பரிசு பன்றிக்கறியா?" என்று கிதே கேட்டான்.

"பின்ன என்ன, வெள்ளரிக்காயா?" என்றாள் அவள். "அதுக்கு நாங்க குண்டாவே இருந்துட்டுப் போறோம்."

தினமும் மாலையில் இருவரும் முக்ஹோ துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் மேடேறிப் போய்த் திரும்புவார்கள். போகும்போது மூச்சு வாங்கும். வரும்போது கையில் ஏதாவது தீனி இருக்கும். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. தாள்கள் கதவிலேயே இருந்தன. எடையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் மிரான் இளைக்க ஆரம்பித்தாள்.

ஊரே பாராட்டியது. மீன் சங்கத்துப் பெண்கள் ரகசியம் கேட்டார்கள். அடுக்ககத்துக் காவலாளி தங்கச்சி யாரோ வந்திருப்பதாக நினைத்தாராம். கிதேயும் சொன்னான், "கல்யாணத்தப்ப இருந்த மாதிரி இருக்கே." அவள் வெட்கப்பட்டாள். இளைத்த முகம் மறுபடி ஊதுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அந்த வருடப் பரிசோதனையில் "இயல்பு" என்று வந்தது. சேபொம் அழுதாள். "அம்மா ஏமாத்துறா. சாப்பிடுற மாதிரி நடிக்கிறா." ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். மூன்று பேரும் கறிக்கடைக்குப் போனார்கள். சேபொம் தன் கைக்காசில் விருந்து வைத்தாள். மிரான் இரண்டு துண்டு தின்றுவிட்டுச் சாப்பிடும் குச்சியை வைத்தாள். "வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள்.

இரண்டு மாதத்தில் முதுகு வலி வந்தது. கணையத்தில் புற்று. ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத்தான் கருப்பு நாடா கட்டிச் சாவு வீட்டில் வைத்தார்கள்.

அதனால் நார்மல் என்ற சொல்லை இரண்டாம் முறை கேட்டபோது கிதே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு வருடமாக அவன் வீட்டுக்கு நல்ல செய்தி என்று எதுவும் வந்ததில்லை. வந்ததை அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போனபோது சேபொம் சமைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. குளிர்காலத்திலிருந்தே இரவுச் சமையல் அவள் பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவன் கிண்ணத்தில் சோறு குவிந்திருந்தது. சோயாக் குழம்பு, பொரித்த மீன், மூன்று விதக் கிம்ச்சி.

"நீ?"

"ஸ்கூல்ல லேட்டாச் சாப்பிட்டேன். நீ சாப்பிடுப்பா. சூடாறிடும்."

எதிரே உட்கார்ந்து அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மீனில் முள் எடுத்துக் கொடுப்பாள். பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். மே மாதத்திலும் தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கடற்கரை ஊர், காற்று அதிகம். அதையும் அவன் யோசித்ததில்லை.

ஆசிரியை கைபேசிக்கு அனுப்பிய பரிசோதனை முடிவை ஆலையிலேயே தாளில் எடுத்து வந்திருந்தான். அதைக் கொடுத்தான். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒரு வரியையே வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் நார்மல்தானா" என்றாள்.

அடக்கமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். "சனிக்கிழமை அம்மாவுக்குக் காட்டலாம்" என்றான்.

சனிக்கிழமை முதல் வருடத் திதி.

மிரானின் அக்கா மிஜொங் காலைப் பேருந்திலேயே வொன்ஜுவிலிருந்து வந்துவிட்டாள். சொந்த வாணலியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அடுத்தவர் வாணலியில் அவளுக்கு அடை வராது.

"மாப்ள, இந்த அடுப்ப எப்பத் தொடச்சீங்க? என் தங்கச்சி போட்டோல இருந்து எறங்கி வந்து தொடைக்கணும்னு விட்டு வச்சிருக்கீங்களா?"

"தொடச்சேன் அண்ணி."

"கண்ணாலயா?"

சேபொமைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த மாவைக்கூட மறந்துபோனாள். "அடியே, டிவில ஆடுற பிள்ளைங்க மாதிரில்ல ஆயிட்ட. இடுப்பு எங்கடி போச்சு? மாப்ள, பாத்தீங்களா, மிரான் ஆசப்பட்டது நடந்துருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "குளிக்கிற ரூம்ல நான் புத்தாண்டுக்கு வாங்கி வச்ச பேட் அப்படியே பிரிக்காம கெடக்கு. வேற வாங்கிக்கிட்டியா?" என்றாள்.

"ம்" என்றாள் சேபொம்.

முன்பெல்லாம் நள்ளிரவுக்குக் காத்திருந்துதான் திதி கொடுப்பார்கள். இப்போது யார் காத்திருக்கிறார்கள். இருட்டும் முன்பே மேசையைப் போட்டார்கள். பின்னால் மடக்குத் திரை. முன்னால் மிரானின் படம், இளைத்த முகம், வெட்கச் சிரிப்பு. பேரிக்காய், இலந்தை, உலர்ந்த மீன், அவித்த ஆக்டோபஸ், மிஜொங் சுட்ட அடைகள். மிரானுக்குப் பிடிக்கும் என்று ஒரு கோப்பைப் பாக்கெட் காபி. எல்லாவற்றுக்கும் முன்னால் குவித்த சோறும் கடற்பாசிச் சாறும். கிதே பரிசோதனைத் தாளை இரண்டாக மடித்து சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தான்.

ஊதுவத்தி ஏற்றினார்கள். மது ஊற்றினார்கள். விழுந்து வணங்கினார்கள். எழும்போது சேபொம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கிதே படத்தைப் பார்த்துச் சொன்னான்.

"உன் பொண்ணு நார்மல் ஆயிட்டா. நீ கவலப்படாதே."

சோற்றில் கரண்டியை நட்டுவிட்டு மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் நிதானமாகச் சாப்பிட வேண்டும் அல்லவா. ஒன்பது வாய் சாப்பிடும் நேரம் வெளியே நிற்பது வழக்கம். மிஜொங் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் கிதே தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் திறந்தான்.

மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சேபொம் நேராகப் போய்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து அதற்குள் பார்த்தாள்.

"அம்மா சாப்பிடல" என்றாள்.

"வாசனையத்தான் சாப்பிடுவாங்க கண்ணு" என்றாள் மிஜொங். கரண்டியை எடுத்துவிட்டுச் சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் பங்கு போட்டாள். ஆக்டோபஸ் துண்டை மேலே வைத்துச் சேபொமிடம் நீட்டினாள். "திதிச் சோறு. மிச்சம் வைக்கக் கூடாது. நாம சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரி."

சேபொம் கையை நீட்டவில்லை.

"அம்மாவும் அப்படித்தான் சொன்னா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரில."

"என்ன சொன்னா?" என்று கேட்டான் கிதே.

அவள் படத்தைப் பார்த்துத்தான் பேசினாள். குரலில் அழுகை இல்லை. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

"நான் லீவுக்கு அங்க இருந்தேன்ல. அம்மாவால ஒரு வாய்கூட முடியல. சாப்பிடலன்னா வீட்டுக்கு விடமாட்டாங்கன்னா. நீ சாப்பிட்டுரு சேபொம், நீ சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரின்னா. மூணு வேளையும் நான்தான் சாப்பிட்டேன். நர்ஸ் வந்து தட்டப் பாப்பாங்க. காலியா இருக்கும். சமத்துன்னு அம்மாவச் சொல்லிட்டுப் போவாங்க. எனக்குப் பசிக்கும்ப்பா. அது நல்லா இருந்துச்சு. முட்டையெல்லாம் வைப்பாங்க." பார்வை சோற்றுக் கிண்ணத்துக்கு இறங்கியது. "அம்மா சோத்தையெல்லாம் நான் தின்னுட்டேன்."

மிஜொங்கின் கை கிண்ணத்தோடு அந்தரத்தில் நின்றது.

கிதேவுக்கு அந்தக் குளிர்காலம் நினைவு வந்தது. வேலை முடிந்து ரயிலேறிப் போய் இறங்குவான். வார்டு வாசலிலேயே நர்ஸிடம் கேட்பான், இன்னிக்குச் சாப்பிட்டாங்களா? எல்லாம் காலி சார், ஒரு பருக்கை மிச்சமில்ல. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் போனான். உள்ளே மிரான் கண்ணை மூடிக் கிடப்பாள். சேபொம் பக்கத்தில் தாழ்ந்த கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், கன்னம் உப்பி. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்குத்தான் ஒட்டுது" என்று ஒருநாள் சொன்னான். சொன்னதும் மிரான் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இதுநாள் வரை யோசித்ததில்லை.

"மறுபடியும் என்னைய சாப்பிடச் சொல்லாதீங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு சேபொம் எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை. துணி கொடியிலிருந்து நழுவுவது போல மேசையோரம் சரிந்தாள். காபிக் கோப்பை உருண்டது.

கிதே பாய்ந்து அவளைத் தூக்கினான். முழு பலத்தோடு தூக்கியதால் பின்னால் தடுமாறினான். அவன் கைகள் எதிர்பார்த்த பாரம் அங்கே இல்லை. போன வருடம் சாவு வீட்டில் அழுதே தூங்கிப்போனவளை அவன் காருக்குத் தூக்கிப் போயிருக்கிறான். அன்று வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். இன்று ஒரு கையில் அவளைத் தாங்கியபடி மறு கையால் கதவைத் திறக்க முடிந்தது. ஸ்வெட்டர் கை ஏறி முன்கை தெரிந்தது. எலும்பு. அதன்மேல் பிறந்த குழந்தைக்கு இருப்பது போல மெல்லிய முடி.

"மாப்ள, நார்மல்னுதானே சொன்னாங்க" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் மிஜொங். "நார்மல்னுதானே போட்டிருக்கு."

உள்ளூர் அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். அதற்குள் சேபொம் கண் விழித்திருந்தாள். எடையும் உயரமும் பார்த்தார்கள். மருத்துவர் திரையில் எண்களைத் தட்டினார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. இந்த வயசுக்கு பி.எம்.ஐ. இயல்புக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் கீழ் ஓரம். சட்டுனு எந்திரிச்சா இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு மயக்கம் வரும். காலைல சாப்பிடாம போற பசங்க எல்லாம் இப்படித்தான்."

"போன வருஷம் எவ்வளவு இருந்தான்னு கேளுங்க" என்றான் கிதே.

"சார்?"

"நான் லாரி எடை போடுறவன். லாரி உள்ள வர்றப்ப ஒரு தடவை போடுவோம். வெளிய போறப்ப ஒரு தடவை. ஒரு தடவை மட்டும் போட்டா அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது. எவ்வளவு எறக்கினான்னு தெரியாது." குரல் உயரவில்லை. "போன வருஷம் இதே மாசம் ஐம்பத்தேழு கிலோ. உயரம் இதவிடக் கம்மி. இப்ப நாப்பத்தொண்ணு."

மருத்துவர் திரையைப் பார்த்தார். அதில் போன வருடத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துச் சேபொமின் அருகில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதன்பின் அவர் யாரையும் ஆறுதல்படுத்தவில்லை.

"உனக்கு மாசா மாசம் வருதாம்மா?"

சேபொம் பெரியம்மாவைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"குளிர்காலத்துல இருந்து."

மிஜொங் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது" என்றார் மருத்துவர் கிதேயிடம், வெளியே அழைத்துப் போய். "உடம்பு உள்ள இருக்கிறதத் தின்னுக்கிட்டு இருக்கு. இப்படியே விட்டா ஒருநாள் தூக்கத்துலயே நின்னுரும். நம்பர் இயல்புன்னு காட்டுறதால யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நானும் அனுப்பியிருப்பேன். இங்க வசதியில்ல. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே எழுதித் தர்றேன்."

அது மிரான் இருந்த ஆஸ்பத்திரி.

இந்த முறை வேறு மாடி. குழந்தைகள் பிரிவு, சுவரில் ஒட்டகச்சிவிங்கி. மற்றபடி எல்லாம் அதேதான். அதே பச்சைத் திரை, அதே கிருமிநாசினி வாசனை. நோயாளியின் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் அதே தாழ்ந்த கட்டில், துணைக்கு இருப்பவருக்கு. போன வருடம் அதில் சேபொம் படுத்திருந்தாள். இப்போது கிதே படுத்தான். கால் வெளியே நீண்டது.

மார்பில் ஒட்டியிருந்த கம்பிகள் திரையில் பச்சைக் கோடு வரைந்தன. அவன் கண் அதிலிருந்து அகலவில்லை. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் அவனுக்கு மூச்சு நின்று வந்தது.

விதிமுறையைத் தலைமை நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து எவ்வளவு இறங்கியது என்று குறிப்பார்கள். தொடர்ந்து சாப்பிடாவிட்டால் மூக்கு வழியே குழாய். எடையும் துடிப்பும் ஏறினால்தான் வீடு.

மறுநாள் மதியம் தட்டு வந்தது. சோறு, முட்டைப் பொரியல், கீரை, தெளிந்த சாறு. நர்ஸ் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். சேபொம் மூடியில் படிந்த நீர்த்துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை எடுத்தாள். சோற்றை ஒரு மூலைக்குத் தள்ளினாள். வைத்தாள்.

"அப்பா."

"ம்."

"நீயும் காலைல இருந்து சாப்பிடல."

"எனக்குப் பசிக்கல."

"நீ சாப்பிடு. நான் சாப்பிட்டேன்னு சொல்லிக்கலாம். அவங்க தட்டத்தான் பாப்பாங்க, வேற எதையும் பாக்கமாட்டாங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்ப்பா." தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். கை குளிர்ந்து நீலமாக இருந்தது. "முட்டை நல்லா இருக்கும்."

கிதே தட்டைப் பார்த்தான். மிரானும் இப்படித்தான் நகர்த்தியிருப்பாள். இதே சக்கரம் வைத்த மேசை. எதிரே பன்னிரண்டு வயதுப் பெண், பசியோடு. மிரானால் வேறு என்ன செய்திருக்க முடியும்? வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். அவ்வளவுதான். கோபப்படக்கூட அவனுக்கு ஆள் இல்லை.

சாப்பிட்டால் மகள் சிரிப்பாள். குழாய் தள்ளிப்போகும்.

அவன் மூடியை எடுத்துத் தட்டை மூடினான். இரு கையாலும் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போனான். நர்ஸ் வண்டியருகில் நின்று குறித்துக்கொண்டிருந்தாள்.

"சேபொம் அப்பாவா? எவ்வளவு சாப்பிட்டா? பாதியாவது?"

"சாப்பிடல" என்றான். "ஒரு வாய்கூட சாப்பிடல."

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். "சரிங்க" என்றாள் மெதுவாக. "ராத்திரியும் இப்படின்னா குழாய்தான் போடணும். டாக்டர் வந்து பேசுவாங்க."

திரும்பி வந்தபோது சேபொம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. கிதே தாழ்ந்த கட்டிலில் உட்கார்ந்தான்.

"மாட்டி விட்டுட்டே" என்றாள் சுவரைப் பார்த்து.

"ஆமா."

"அம்மாவ நான் மாட்டி விடல."

"தெரியும்."

"இனிமே உன்கூடப் பேசமாட்டேன்."

"சரி."

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் பாதி உரிந்திருந்தது. யாரோ குழந்தை நகத்தால் கீறியிருக்க வேண்டும். அடுத்த கட்டிலில் பையன் ஒருவன் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து சேபொம் கேட்டாள்.

"அன்னிக்கு நானும் சொல்லியிருந்தா?"

"என்னன்னு?"

"அம்மா சாப்பிடல, நான்தான் சாப்பிட்டேன்னு. குழாய் போட்டிருப்பாங்கல்ல. அம்மாவுக்குச் சத்து ஏறியிருக்கும்ல."

இதைத்தான் இந்த ஒரு வருடமாக அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. அவன் எதிரே உட்கார்ந்து, மீனில் முள் எடுத்துக்கொண்டே.

"இல்ல" என்றான்.

"நீ சும்மா சொல்ற."

"மொத நாளே டாக்டர் சொல்லிட்டார். வசந்தம் தாண்டாதுன்னு. சாப்பிட்டாலும் அவ்வளவுதான், சாப்பிடலன்னாலும் அவ்வளவுதான்னு. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். உனக்கு மட்டும் சொல்லல." செருமினான், திதிக் கதவைத் திறக்கும் முன் செருமியது போல. "நீ சின்னப் பொண்ணு, தெரிய வேணாம்னு நாங்கதான் முடிவு பண்ணோம். தப்பு எங்க மேல."

"அப்ப ஏன் என்னைய சாப்பிடச் சொன்னா?"

"வீட்டுக்கு வரணும்னு. நம்மகூட இருக்கணும்னு." யோசித்தான். "அப்புறம், உனக்குப் பசிச்சிருக்கும். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சேபொமின் முதுகு ஆடியது. முதலில் சத்தம் இல்லை. அப்புறம் வந்தது. சாவு வீட்டில் அழுததற்குப் பிறகு அவள் அழுது அவன் கேட்டதில்லை. திரையில் பச்சைக் கோட்டின் மேடுகள் கொஞ்சம் நெருங்கின. அவன் எழுந்து போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டான். கையை எடுக்கவில்லை. எலும்பின்மேல் வைத்தபடியே இருந்தான்.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாயிற்று. அவள் அழுது ஓய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். தூங்கவில்லை.

"நாப்பதுல நின்னுரலாம்னுதான் நெனச்சேன்" என்றாள். "அம்மா கடைசில நாப்பது இருந்தா. நர்ஸ் சொன்னத நான் கேட்டேன். அங்க போயிட்டா பந்தயம் சமமாயிரும்னு தோணுச்சு."

அவன் போர்வைக்குள் கையை விட்டு அவள் குளிர்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

நடைபாதையின் அந்தக் கோடியில் மாலைச் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று நின்று வந்தது. மூடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நெருங்கியது. சேபொம் மெல்லத் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கை ஆஸ்பத்திரி உடையின் கையில் துடைத்தாள். இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.